ஒழுங்கை வளைவில் பதினேழு அங்குலம்

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆந் திகதி, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மழை இல்லை, பனி. பொங்கல் முடிந்து இரண்டாம் நாள். எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் தொடங்கி அறுபத்திரண்டு அடி நேரே வந்து, பிறகு இடப்பக்கம் திரும்பி என் வீட்டுப் படலையில் முடியும். அன்று வீதியில் நின்றவருக்கு வளைவு தெரிந்திருக்காது. நான் அந்த வளைவில் நின்றேன். ஒரு கையில் அளவு நாடா, மற்றக் கையில் எண்பது பக்கக் கொப்பி. என்னுடைய பிரேதப் பெட்டி அந்த இடத்தால் திரும்புமா என்று அளந்துகொண்டிருந்தேன்.

திரும்பாது. மூன்று தரம் அளந்தேன், மூன்று தரமும் திரும்பாது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கவலையால் அல்ல. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் களஞ்சியமொன்றுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். சாமான் வந்து இறங்குவதற்கு முன்பே கதவு போதாது என்று கண்டுபிடிப்பவனுக்கு ஒரு சந்தோஷம் வரும். அது மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. இந்த முறை சாமான் நான். அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபத்தெட்டு வயது முடிந்த அன்று இந்தக் கொப்பியைத் தொடங்கினேன். மகன் கனடாவில். மகள் என்னோடு இருக்கிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுடைய கணவர் கொழும்பில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். நான் திடீரென்று போனால் அந்தப் பிள்ளை தனியே நின்று எத்தனை விஷயம் பார்ப்பது? பந்தலுக்கு யார், ஐயருக்கு யார், கதிரைக்கு யார், அமரர் ஊர்திக்கு யார் என்று எழுத எழுத, அறுபத்து நான்கு வேலை வந்தது. என் மரண அறிவித்தலையும் நானே எழுதி, திகதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன். யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் எழுதி, என் பெரியப்பாவின் பெயரை என் தகப்பனார் ஆக்கிவிடக் கூடாது. அப்படி நடந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன்.

இந்த அறுபத்து நான்கில் எனக்கு நித்திரை இல்லாமற் செய்தது ஐம்பத்து மூன்றாவது: வீட்டிலிருந்து வீதி வரை பெட்டியைக் கொண்டுபோவது. ஊர்தி ஒழுங்கைக்குள் வராது. கையால்தான் தூக்க வேண்டும். வளைவில் திரும்ப வேண்டும்.

என் மனைவியைக் கொண்டுபோனபோது அந்த வளைவில் பெட்டி இறுகிவிட்டது. அது 2019 நவம்பர், நல்ல மழை. தூக்கியவர்கள் ஆறு பேர். முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள், நடுவில் நின்றவர்களுக்கு உடம்பு வைக்க இடமில்லை. முன்னுக்குப் போக முடியாது, பின்னுக்கு வர முடியாது. பறை நின்றுவிட்டது. நான் பெட்டிக்குப் பின்னால் குடையில்லாமல் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்று வரை தெரியாது. ஏழு நிமிடம். கடைசியில் ஆறு பேரும் அவளைத் தலைக்கு மேலே உயர்த்தி, மதில்களுக்கு மேலால் சாய்த்துத் திருப்பினார்கள். அப்போது பெட்டியின் மேல் போர்த்திருந்த வெள்ளைத் துணி மதிலில் பதித்த போத்தல் துண்டில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. அந்தக் கிழிசல் மூன்று நாள் மதிலில் கிடந்தது. பிறகு நான்தான் எடுத்தேன்.

இறுகி நின்ற அந்த ஏழு நிமிடத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. வளைவின் இடப்பக்க வளவு மனைவியின் தம்பியுடையது. எனக்கு மச்சான். அவருடைய பின்படலை ஒழுங்கையில் திறக்கும், முன் கேற் பெரிய வீதியில் திறக்கும். கூட்டத்தின் பின்னால் நின்ற மச்சான் தன் பின்படலையைத் திறந்து பிடித்து, தன் வளவால் கொண்டுபோகலாம் என்று சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். ஏனென்றால் அப்போது நாங்கள் இருவரும் கதைத்து ஏழு வருடத்துக்கு மேல். நான் எல்லாருக்கும் கேட்கும்படியாக, தேவையில்லை என்றேன்.

எல்லைச் சண்டை. மாமனார் தன் காணியை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை என் மனைவிக்குச் சீதனமாகவும், முன்பாதியை மகனுக்கும் எழுதியிருந்தார். உறுதியில் நடுவே ஆறடிப் பாதை. 2012இல் நாங்கள் இருவரும் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினோம். கட்டி முடிந்தபோது வளைவில் ஆறடி இல்லை. உம்முடைய மதில்தான் பாதைக்குள் வந்துவிட்டது என்றேன் நான். இல்லை, உங்களுடையதுதான் என்றார் அவர். இரண்டு நாள் கத்திக் கதைத்தோம், பிறகு பதினொரு வருடமும் நான்கு மாதமும் கதைக்கவில்லை. நல்ல காரியத்துக்கும் போவதில்லை, கெட்ட காரியத்துக்கும் போவதில்லை. அக்கா என்றபடியால் அன்று வந்தார். என் செத்தவீட்டுக்கு வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இதுவும் கொப்பியில் இருந்தது. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். மருமகன் ஒன்று. ஒழுங்கையில் இருக்கும் வீடுகளில் ஆண்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். தேடியெடுத்தால் நான்கு பேர். ஐந்து. ஆறாவது பெயருக்கு நேரே கேள்விக்குறி. அந்த இடத்துக்கு உயரத்திலும் உடம்பிலும் பொருந்துகிற ஒரே ஆள் மச்சானுடைய மகன். தகப்பன் வராத செத்தவீட்டுக்கு மகன் வந்து தோள் கொடுப்பானா?

அளப்பதற்கு முதல் நாள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சவப்பெட்டிக் கடையொன்றில் அளவு எடுத்திருந்தேன். கடைக்காரர் துக்கமுகத்தோடு எழுந்து வந்து, ஆருக்கு ஐயா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நடந்தோ வந்தனீங்கள் என்றார். பிறகு அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. உயிரோடு வந்து அளவு கேட்டவர்கள் அதற்கு முன் இல்லையாம். எனக்கு ஏற்ற பெட்டி ஆறடி இரண்டங்குல நீளம், இரண்டடி அகலம். கைபிடிகள் எட்டு. எட்டும் பாரம் தாங்குமா என்று கேட்டேன். ஆறு தாங்கும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ள இரண்டும் வடிவுக்கு என்று ஒத்துக்கொண்டார். அந்தத் தகவல் ஒன்றுக்கே பஸ்ஸில் போய் வந்தது தகும் என்று பட்டது.

எனவே அந்தப் புதன்கிழமைக் கணக்கு இதுதான். பெட்டி இருபத்து நான்கு அங்குலம். தூக்குகிறவர் ஒருவருக்குப் பதினைந்து அங்குலமாக இரண்டு பக்கமும் முப்பது. மொத்தம் ஐம்பத்து நான்கு. வளைவில் மதிலுக்கு மதில் நான்கடி ஏழங்குலம், அதாவது ஐம்பத்தைந்து. மிச்சம் ஒரு அங்குலம். நேரே போவதென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகலாம். திரும்ப ஏலாது.

நான் கொப்பியில் படம் கீறிக்கொண்டிருக்க, இடப்பக்க மதிலுக்கு மேலால் தலைப்பா கட்டிய தலையொன்று எழுந்தது. மச்சான். இருவரும் பார்த்துக்கொண்டோம். அவர் செருமினார், தலை இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் படத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவள் சேலைத் தலைப்பைக் குத்திக்கொண்டே பார்த்தாள்.

"அப்பா, ஊரிலை ஆக்கள் சாகிறதுக்குத்தான் பயப்பிடுவினம். நீங்கள் திரும்புறதுக்குப் பயப்பிடுறியள்."

பின்னேரம் அவள் திரும்பி வரும்போது ஒரு செய்தியையும் கொண்டுவந்தாள். மாமன் வீதியில் மறித்துக் கேட்டாராம், கொப்பர் வழக்குப் போடவோ அளக்கிறார் என்று. வழக்கென்றால் தான் ஆயத்தமாம், தன்னிடம் படம் இருக்கிறதாம்.

எனக்கும் படம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்து, உறுதியோடு வைத்திருந்த பழைய நில அளவைப் படத்தை எடுத்து விரித்தேன். என்னுடைய கிணற்றுக் கட்டிலிருந்து வளைவு எல்லைக்கல்லுக்கு முப்பத்தெட்டு அடி என்று தெளிவாக இருந்தது. மதில் கட்டியபோது அந்தக் கல்லை நான் வேலி நெடுகத் தேடினேன், காணவில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய் வந்தபோது எல்லாம் பற்றை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு அடியை அளந்து பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்பதைப் பிறகு பல நாள் யோசித்தேன்.

மறுநாள் மகள் போன பிறகு, மண் கிண்டும் அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், வெற்றிக் களிப்போடு போனேன். கல் ஒழுங்கைக்குள் கிடக்கும், நான் அதைத் தோண்டி எடுத்து மச்சானின் மதிலுக்கு நேரே நட்டு வைப்பேன், பிறகு அவர் எந்த முகத்தோடு செருமுவார் என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு நாடாவை இழுத்தேன். முப்பத்தெட்டு அடி ஒழுங்கைக்குப் போகவில்லை. என் மதில் வரைக்கும்கூடப் போகவில்லை. மதிலுக்கு உள்ளே, என் வளவில், மனைவி நட்ட செம்பரத்தையின் அடியில் முடிந்தது.

நாடா நைந்துவிட்டது என்று நினைத்து மரச் சட்டத்தால் அளந்தேன். அதே இடம். செம்பரத்தையின் ஒரு பக்கத்து வேரை விலக்கி அலவாங்கை இறக்கினேன். ஒன்றே காலடி ஆழத்தில் நங்கென்று பட்டது. கையால் மண்ணை வழித்தேன். சதுரக் கல். மேலே சிலுவைபோல் வெட்டிய அடையாளம். அதிலிருந்து என் மதிலின் வெளிமுகம் வரை பதினேழு அங்குலம். ஐம்பத்தைந்தும் பதினேழும் எழுபத்திரண்டு. ஆறடி.

செம்மண்ணில் சாறத்தோடு இருந்துவிட்டேன்.

எப்படி வந்தது என்று உடனே விளங்கிவிட்டது. மதிலுக்கு முன் அங்கே இருந்தது கிளுவை வேலி. வருடா வருடம் வேலி அடைப்போம். பட்டுப்போன வேலித்தடிக்கு, அதாவது கதியாலுக்கு, பதிலாகப் புதுக் கதியால் நடும்போது, பழையதைப் பிடுங்கிய குழியில் நடுவதில்லை; அதன் வெளிப்பக்கமாக நடுவோம். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். ஒரு முறைக்கு ஒரு அங்குலம், முக்கால் அங்குலம். நானும் செய்தேன். களவென்று நினைத்துச் செய்யவில்லை. குழி தோண்டப் புது மண் இளக்கமாக இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அப்படி அரக்கி அரக்கி நட்டு, கடைசியாக நின்ற கதியால் வரிசையில் அத்திவாரம் வெட்டினேன்.

ஆக, அவள் இறுகி நின்றது என் மதிலில். துணியைக் கிழித்ததும் நான் பதித்த போத்தல்தான்.

மண்ணை இழுத்துக் கல்லை மூடினேன். தண்ணீரும் ஊற்றினேன், ஈர மண் புதிதாகத் தெரியாமல் இருக்க. மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? வளைவுக்கு வேறு வழியும் யோசித்தேன். தலைக்கு மேலே உயர்த்துகிற வழி இருக்கவே இருக்கிறது; நான் அவளைவிட நான்கு கிலோ குறைவு. ஆனால் கொப்பியைத் திறந்தால் ஐம்பத்து மூன்றாவது வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரைக்குச் சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். என் படலையிலிருந்து மச்சானின் பின்படலைக்கு நாற்பத்தொரு அடி.

மச்சானுக்கு எழுபத்தொரு வயது. வாழைத்தோட்டக்காரர், இரண்டு முழங்காலும் நோ. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்து, சிறிய பகுதி ஒன்றை மண்தாளால் உரஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"மச்சான், என்ரை மதில்தான் வெளியிலை நிக்குது. பதினேழு அங்குலம். கல்லைக் கண்டனான்."

அவர் உரஞ்சுவதை நிற்பாட்டவில்லை.

"செம்பரத்தைக்குக் கீழையோ?"

நான் செம்பரத்தை பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"சின்ன வயசிலை அந்தக் கல்லிலை எத்தினை தரம் காலை அடிச்சிருப்பன். நீங்கள் மதில் கட்டின கிழமை, காணி அளக்கச் சேவையரைக் கூட்டியர வெளிக்கிட்டனான், அத்தான். அக்கா இந்தப் படலையாலை வந்து நிண்டவ. கல்லைத் தேடாதை, அவர் தாங்கமாட்டார் எண்டவ. பேந்து ஒரு நாள் வந்து, அதுக்கு மேலை செம்பரத்தை நட்டுப்போட்டன், இனி ஒருத்தரும் கிண்டாயினம் எண்டு சிரிச்சவ."

அவர் சாக்கின் ஒரு பக்கத்தைக் காலால் ஒதுக்கிவிட்டார், நான் படியில் இருந்தேன். ஏழு வருடம் அவள் அந்தச் செம்பரத்தைக்குத் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு வாளி. அவ்வளவு தண்ணீர் அதற்குத் தேவையில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

"அண்டைக்கு உம்மடை வளவாலை கொண்டு போயிருக்கலாம்" என்றேன்.

"ஓம், கொண்டு போயிருக்கலாம்."

உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி அதிகம். குடித்து முடித்தபின் கொப்பியைக் காட்டினேன். அறுபத்து நான்கையும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். மரண அறிவித்தலில் தன் பெயர் இல்லாததைக் கண்டிருப்பார். ஆறாவது ஆளின் இடத்தில் இருந்த கேள்விக்குறியில் விரல் நின்றது.

"இது ஆர்?"

"உம்மடை பெடியன் வருவானோ எண்டு…"

"அவன் வருவான். நான் வருவனோ எண்டு கேளுங்கோ."

"வருவீரோ?"

"பெட்டி திரும்பினால் வருவன். இன்னொருக்கா உதிலை நிண்டு பாக்க என்னாலை ஏலாது."

அடுத்த வியாழக்கிழமையே மேசனைப் பிடித்தேன். வளைவில் இருபத்து மூன்று அடி மதிலை உடைத்துக் கல்லின் நேருக்கு உள்ளே தள்ளிக் கட்டுவது. மூலையைச் சதுரமாக விடாமல் வளைத்துக் கட்டுவது. மேலே போத்தல் துண்டு இல்லை. வேலை நடந்த ஆறு நாளும் நான் வெயிலில் கதிரை போட்டு இருந்தேன். மச்சான் தன் பக்க மதிலுக்கு மேலால் தலையை வைத்துக்கொண்டு, மேசனுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். பதினொரு வருடக் கதையை ஆறு நாளில் கதைத்து முடிக்கப் பார்த்தார் என்று மகள் சொன்னாள். செம்பரத்தையை வேரோடு கிளப்பி இரண்டடி உள்ளே நட்டோம். கல்லை மண்ணுக்கு மேலே தெரிய விட்டேன். நான் சுண்ணாம்பு பூசினேன்.

மதில் காய்ந்ததும் பரீட்சை. அது மச்சானின் யோசனை, அளவு சரி என்று கொப்பி சொன்னால் போதாது, பாரத்தோடு திருப்பிப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிப்பிள்ளைக்கு வருவதுபோல். பெட்டிக்கு என்ன செய்வது? கொட்டிலில் கழற்றி வைத்திருந்த பழைய குசினிக் கதவை அளந்தேன். ஆறடி இரண்டங்குலம், இரண்டடி. அந்த அளவை மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அடுப்பில் வைத்ததைக் கிண்டிக்கொண்டே, குசினிக்குப் புதுக் கதவு போட்டதற்கு இப்போதுதான் சந்தோஷப்படுகிறீர்களா என்று கேட்டாள்.

நான் ஏறிப் படுக்கலாம் என்று நினைத்தேன். மகள் அதற்குச் சம்மதிக்கவில்லை, அப்படி நடந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றாள். அதனால் மச்சான் தோட்டத்தில் ஐந்து இதரை வாழைக்குலை வெட்டிக்கொண்டு வந்தார். சந்தைத் தராசில் அறுபத்தொரு கிலோ.

"நான் ஐம்பத்தெட்டுத்தானே" என்றேன்.

"மிச்ச மூண்டும் உங்கடை கொப்பி."

மச்சானின் மகன், ஒழுங்கையில் இருக்கும் இரண்டு பேர், மேசன், மேசனுடைய ஆட்கள் இரண்டு பேர்: ஆறு. கதவில் குலைகளை அடுக்கி வெள்ளைத் துணியால் மூடினோம். துணி எதற்கு என்று கேட்ட மகளுக்கு, மாட்டுதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று மச்சான்தான் பதில் சொன்னார். என் வீட்டு விறாந்தையில் தூக்கினார்கள். மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் மணிக்கூட்டோடு பின்னால். படலை தாண்டியது. வளைவு வந்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். நடு இரண்டு பேர். பின் இரண்டு பேரும் திரும்பி, துணி ஒரு இடத்திலும் உரசாமல், ஒருவருடைய முழங்கையும் மதிலில் படாமல், கதவு நேராகி வீதியைப் பார்த்து நின்றது.

பத்தொன்பது விநாடி.

நான் பத்தொன்பது, பத்தொன்பது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. புது மதிலில் உள்ளங்கையை வைத்து, மூலை வளைந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். அதே நேரம் வீதியால் வந்த ஆட்டோக்காரர் வெள்ளைத் துணியைக் கண்டு வண்டியை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு ஆர் மோசம் போனது என்று மெல்லக் கேட்டார். மச்சானின் மகன் கையை நீட்டி என்னைக் காட்டினான். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், துணிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த வாழைக்குலைக் காம்பைப் பார்த்தார். அவருக்கும் ஒரு சீப்புக் கொடுத்து அனுப்பினோம்.

அன்று பின்னேரம் ஆறாவது பெயரை எழுதினேன். மரண அறிவித்தலில் அன்பு மைத்துனர் என்று ஒரு வரி சேர்த்தேன். புதுக் கவலையும் ஒன்று வந்தது: தூக்கும் ஆறு பேருக்கும் உயரத்தில் ஐந்து அங்குல வித்தியாசம். அதை மருமகனுடைய சப்பாத்தால் சரிக்கட்டலாம்.

இன்னொரு வேலையும் மிச்சமிருந்தது. மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் வந்து போனவர்களில் ஒன்பது பேரிடம், மச்சானின் மதிலால்தான் அவள் இறுகி நின்றாள் என்று சொல்லியிருந்தேன். ஒன்பதும் நினைவிருந்தது. இருவர் இப்போது இல்லை. ஒருவர் லண்டனில், தொலைபேசியில் சொன்னேன். மிச்சம் ஆறு பேரிடமும் பஸ்ஸில் போய்ச் சொன்னேன், தொண்டைமானாறு வரைக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொன்னதே நினைவில்லை. இரண்டு பேர், அது தங்களுக்கு அன்றே தெரியும் என்றார்கள்.

யார் முந்திப் போவது என்று மச்சானும் நானும் இப்போது அடிக்கடி கதைக்கிறோம். வயதுப்படி நான். அவருக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை, முழங்காலைக் காட்டுகிறார். உம்முடைய வீட்டுக்கு முன் கேற் பெரிய வீதியில் இருக்கிறதே, உமக்கு இந்த ஒழுங்கை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். முன் கேற் வேண்டாமாம். பின்படலையால் எடுத்து, முதலில் என் படலை வரைக்கும் கொண்டுவந்து, பிறகு வளைவால் திருப்பித்தான் தன்னைக் கொண்டுபோக வேண்டுமாம். மகனிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அதையும் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன், அறுபத்தைந்தாவதாக.

மதிலின் செலவில் பாதி தருவதாக மச்சான் சொன்னார். நான் வாங்கவில்லை. குலைகளுக்குக் காசு கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. ஆகவே சீமெந்து, கல், மணல், மேசன் கூலி, சுண்ணாம்பு, லண்டனுக்குத் தொலைபேசி, பஸ் எல்லாம் சேர்த்து, இன்னும் சாகாத எனக்கு இதுவரை முடிந்தது அறுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபா.